கசகசாப் பால்

வேலைக்குச் சேர்ந்து முதல் கப்பலில் ஏறப்போகும் பதற்றத்தில் என் மகனுக்கு மூன்று நாளாகத் தூக்கமில்லை. மலைக்கோட்டைக் கடைவீதியில் கசகசா வாங்கிவந்து, அரைத்துப் பாலில் காய்ச்சிக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் தூக்கத்துக்கு அதுதான் மருந்து. நன்றாகத் தூங்கினான். சென்னைக்குப் போய், கப்பல் ஏறுமுன் செய்யும் சிறுநீர்ப் பரிசோதனையையும் முடித்தான்.

மறுநாள் போன் வந்தது. "அம்மா, டெஸ்ட்ல அபின்னு வந்திருக்காம். ஏத்த மாட்டாங்களாம்."

"உண்மையச் சொல்லுடா. யாரோட சேர்ந்து என்னத்தத் தொட்ட?" என்றேன்.

"அவங்க கேட்டதுகூடப் பரவால்லம்மா" என்று வைத்துவிட்டான்.

என்னென்ன சாப்பிட்டான் என்று அங்கிருந்த டாக்டர் ஒவ்வொன்றாக விசாரித்தபோதுதான் பால் விஷயம் வெளிவந்தது. அபின் எடுக்கும் செடியின் விதைதானாம் கசகசா. மறுபரிசோதனையில் எதுவுமில்லை. அதற்குள் வேறொருவனை ஏற்றிக்கொண்டு கப்பல் போய்விட்டது.

இப்போது தென்னூர் வீட்டில் அடுத்த கப்பலுக்காகக் காத்திருக்கிறான். கசகசாவை அன்றே குப்பையில் கொட்டினேன். இன்னும் டப்பாக்களைத் திறந்து திறந்து பார்க்கிறேன்.

நேற்று தட்டில் குருமா ஊற்றினேன். "இதுல கசகசா இருக்காம்மா?" என்றான்.

"இல்லப்பா."

"உண்மையச் சொல்லு" என்றான். சிரிக்கவில்லை.