காயாத மயில்

எட்டாம் வகுப்புக்குப் பிறகு நான் எந்த ஊரிலும் ஒரு வருசம் முழுதாக இருந்ததில்லை. குச்சவெளியில் கருவாடு காயப்போட்டேன். கிளிவெட்டியில் நெல்மூட்டை சுமந்தேன். பிறகு திருகோணமலைத் துறைமுகத்தில் பழைய இரும்புப் படகுகளின் துருவைச் சுரண்டி எனாமல் பூசும் வேலை. சாப்பாடு ஒரு நேரம்தான். ஆனால் எனாமல் தகரப்பேணியைத் திறந்ததும் வருகிற அந்த மணத்தில் தலை சற்றுச் சுற்றும், பசி மறந்துபோகும்.

எனாமலின் கதையை உப்புவெளியில் ஒரு விடுதிக்கு யன்னல் பூசும்போதுதான் அறிந்தேன். அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரி படம் கீறுகிறவள். அவள் சொல்லச்சொல்ல விடுதிச் சமையல்காரர் தமிழில் சொன்னார். முந்தி நிறத்தூளை எண்ணெயில் அரைத்துத்தான் பூசுவார்களாம். பிறஸ் மயிர் போன தடம் அப்படியே நிற்குமாம். பிறகு பிசினையும் எண்ணெயையும் காய்ச்சிப் பேணியில் அடைத்து, கதவுக்கும் கட்டிலுக்கும் என்று கொம்பனிகள் விற்றன. அது தானாகப் பரவிக் கண்ணாடிபோல் படிந்தது. மலிவு என்று ஓவியர்கள் அந்த வீட்டுப் பெயின்றைத் தூக்கிக்கொண்டு போய், துணியைத் தரையில் விரித்து, தடியால் ஒழுகவிட்டே படம் செய்தார்களாம். போனில் காட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் குறுகுறுத்தது. இத்தனை வருசமும் ஒழுகியதையெல்லாம் நான் துடைத்துக்கொண்டல்லவா இருந்தேன்.

அடுத்த வேலை கப்பல்துறை என்ற ஊரில். ஒரு அக்கா பதினொரு வருசமாக அறை அறையாகக் கட்டிய வீடு. தை மாதத்தில் பால் காய்ச்சிக் குடிபூரல். முன்கதவில் மயில் வேண்டும் என்றார். எனக்கு மயில் கீறத் தெரியாது. ஓம், கீறலாம் என்றேன்.

கதவைச் செய்த கிண்ணியா ஓடாவியும் நானுமாக அதை முற்றத்து ஓலைப்பந்தலுக்குள் இரண்டு பீப்பாய்களின் மேல் படுக்கப்போட்டோம். தென்னை ஈர்க்குக் கட்டு ஒன்றை நீலப் பேணியில் தோய்த்துத் தூக்கினேன். நூல் மாதிரி இறங்கியது. கையைச் சுழற்றினால் கழுத்து. உதறினால் தோகை. பச்சைக்குள் மஞ்சள் விழுந்து தானாகவே கண்ணாக விரிந்தது. நான் கதவைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். எனக்குப் பெயின்ற் பேய் பிடித்துவிட்டது என்று ஓடாவி தெருவில் போனவர்களுக்கெல்லாம் சொன்னார்.

ஆசையில் தடிப்பாக ஊற்றிவிட்டேன். அதற்குமேல் மூன்று நாள் தூறல், ஓலைப்பந்தலுக்குள் வெயிலே இல்லை. குடிபூரல் காலையில் விரலை வைத்துப் பார்த்தேன். பாலாடைபோல் மேலே ஒரு தோல், அடியில் முழுக்க ஈரம். ஐயர் குறித்த நல்ல நேரத்துக்கு அரை மணித்தியாலம் இருந்தது. கதவை நிமிர்த்தி நிறுத்தினால் மயில் வழிந்து வாசற்படிக்கு வந்துவிடும். கதவைப் பிறகு நிலையில் பூட்டலாம், இப்போது பாலைக் காய்ச்சுங்கள் என்றேன்.

"பதினொரு வருசம் கொட்டில் வாசலில சாக்குத் தொங்கவிட்டு இருந்தனான் தம்பி," என்றார் அக்கா. "இண்டைக்கும் கதவில்லாத வீட்டுக்குள்ளயோ போறது? ஏலாது."

அப்படியென்றால் படுத்தபடியே உள்ளே போகட்டும் என்றார் ஓடாவி. ஆனால் கதவு நிலையின் இடைவெளியைவிட அரை அங்குலம் அகலம். வாசலில் ஒரு சாணாவது சரிக்காமல் நுழையாது. சரித்தால் ஓடும். முன்னால் பிடிக்கிறவர் பின்பக்கமாக நடந்து குடிபுகவும் கூடாது.

அக்கா சேலையை இழுத்துச் செருகினார். கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கையையும் பின்னால் விட்டுப் பிடித்தார். ஆஸ்பத்திரியில் இருபது வருசம் நோயாளிகளைத் தூக்கியவர் என்று அப்போதுதான் ஓடாவி என் காதில் சொன்னார்.

"ஓடாவியார், தூக்குங்கோ. ஆளுக்கு உயிர் இருக்கு, குலுக்கப்படாது."

பின்னால் ஓடாவியும் நானும். வாசலில் ஒரு பக்கத்தைச் சரித்தோம். மயிலின் வால் மெல்ல அசையத் தொடங்கியது. "ஓடுது, ஓடுது," என்று நான் கத்த, அக்கா வலது காலை வைத்து ஒரே இழுவையில் உள்ளே போனார். நான் சிரித்துக்கொண்டே பின்னால் தள்ளினேன். வீட்டுக்குள் போட்டிருந்த நீள வாங்குப் பலகையில் கதவை நேராக வைத்தோம். தோகையில் ஒரு கண் மட்டும் நாலு விரல் நீண்டு வழிந்திருந்தது.

அக்கா குனிந்து பார்த்தார். போய்ப் பாலை அடுப்பில் வைத்தார்.

பால் பொங்கியபோது எல்லாரும் குசினியில் நின்றார்கள். நான் வாங்கின் பக்கத்தில் நின்று பனையோலை விசிறியால் மயிலிடமிருந்து ஈ கலைத்துக்கொண்டிருந்தேன். முதல் தம்ளர் சுவாமிப் படத்துக்குப் போனது. இரண்டாவதை அக்கா எனக்குக் கொண்டுவந்து தந்து, விசிறியைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.