ஜனவரியில் தோண்டிய குழி

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் வடகோடியில், உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே உள்ள அந்த ஊரில் முப்பத்தொரு வருடமாகப் பிணக்குழி தோண்டிவருகிறவள் லியோனா சிர். கணவன் இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது அவனுடைய மண்தோண்டும் இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவன் போன பிறகும் இறங்கவில்லை. அவனுக்கான குழியையும் அவளேதான் தோண்டினாள், அளவு பிசகாமல்.

நவம்பர் கடைசியில் அங்கே தரை இரும்பாகிவிடும். அதற்குப் பிறகு இறப்பவர்களைக் கல்லறைத் தோட்டத்து மேட்டைக் குடைந்து கட்டிய கல் அறைக்குள் வைத்துப் பூட்டுவார்கள். மே மாதம் மண் இளகியதும் ஒவ்வொருவராக அடக்கம் நடக்கும். ஆக, வருடத்தில் ஐந்தரை மாதம் லியோனாவுக்கு வேலை கிடையாது. அந்த ஐந்தரை மாதமும் அவள் பேய்க்கதை படித்தாள்.

ஆசைப்பட்டுத் தொடங்கியதல்ல. ஊர் நூலகம் இரண்டே அறை. காதல் கதைகளுக்கு எப்போதும் ஆள் இருந்தது. திகில் கதைகள் மட்டும் இரண்டு அலமாரி நிறையச் சீந்துவாரில்லாமல் கிடந்தன. முதல் நாவலிலேயே ஒருவன் சவப்பெட்டி மூடியைத் தள்ளிக்கொண்டு மண்ணைக் கீறி வெளியே வந்தான். லியோனா சட்டைப்பையிலிருந்த தச்சர் பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதினாள்: ‘பெட்டிக்கு மேலே சிமெண்ட் மூடி உண்டு. அதைத் தூக்க என் இயந்திரமே முக்குகிறது. இந்தச் சோனிப் பயலால் எப்படி முடிந்தது?’

அன்றிலிருந்து கை நிற்கவில்லை. பேய்க்கும் பெரிய பங்களாதான் வேண்டுமா, தகர வண்டிவீட்டில் சாகிறவன் ஆவியாக மாட்டானா என்று ஒரு புத்தகத்தில் கேட்டாள். மின்சாரம் போனதும் கதாநாயகி அலறிய இடத்தில், ‘எங்கள் ஊரில் மாதம் மூன்று தடவை போகிறது. விறகடுப்பைப் பற்றவைத்துவிட்டுச் சூப்பைக் கிளறுவோம்’ என்றாள். கல்லறைத் தோட்டத்தில் மூடுபனி வந்தால் அந்தச் சொல்லை அடித்துவிட்டுக் ‘கொசு’ என்று திருத்தினாள். சிறுகதைகள்மேல் கொஞ்சம் மரியாதை இருந்தது. அடுத்த விறகு வைப்பதற்குள் முடிந்துவிடுகின்றனவே. ஆனால் பயமுறுத்திவிட்டு, எதற்காகப் பயப்பட வேண்டும் என்று கடைசிப் பத்தியில் விளக்குகிறவனை அவள் மன்னித்ததில்லை. நகைச்சுவையைச் சொல்லிவிட்டு விலாவில் இடிக்கிறவன் மாதிரி அவன் என்பாள்.

இதெல்லாம் பன்னிரண்டு வருடம் ஓடியது. பிறகு பாஸ்டன் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்று வந்து குடியேறிய ஓர் ஆசிரியை, ஒரு நாவலின் மூன்றாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நூலகக் குழுவிடம் புகார் கொடுத்தாள். அந்தப் பக்கத்தில் லியோனா எழுதியிருந்தது: ‘இவன் ஏற்கெனவே செத்தவன். இப்போதே தெரிகிறது. மீதி முன்னூறு பக்கத்தை வீணடிக்க வேண்டாம்.’

குழுத் தலைவர் ரோசெர் மிஷோ, லியோனாவோடு பள்ளியில் படித்தவர், மரம் அறுக்கும் ஆலைக்காரர். விசாரணையில் அதிகம் பேசவில்லை. எழுதியது எல்லாவற்றையும் நவம்பருக்குள் அழிக்க வேண்டும், இல்லையென்றால் நூலக அட்டையை ஒப்படைக்க வேண்டும் என்று தீர்ப்பை மட்டும் வாசித்தார். அடுத்த நூலகம் ஐம்பது மைல், பனிச்சாலையில். அட்டை போனால் குளிர்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

லியோனா ரப்பரோடு வந்தாள். நூலகர் தான்யா ஜன்னலோர மேசையைக் கொடுத்தாள். ஒரு நாளைக்குப் பதினைந்து புத்தகம். எழுதியதைப் படித்துப் பார்த்து, இது சரியாகத்தானே இருக்கிறது என்று முணுமுணுத்துவிட்டு அழித்தாள்.

ஒன்பதாம் நாள், மெய்னில் நடக்கிற ஒரு தடிநாவல் வந்தது. ஜனவரி மாதம், கொட்டும் பனி, நான்கு பேர் மண்வெட்டியால் அரை மணியில் குழி வெட்டிக் கிழவியை அடக்கம் செய்கிறார்கள். பக்கத்திலேயே அவள் பென்சில்: ‘ஜனவரியில் இங்கே யார் குழி வெட்டுகிறார்கள்? பச்சைப் பொய். எழுதியவன் பனியே காணாத மியாமிக்காரன்.’ அதற்குக் கீழே வேறு கையெழுத்து, நீல மசியில்: ‘தெரியும். இருந்தாலும் இந்தப் பக்கத்தை நான்கு முறை படித்தேன்.’

மசியை ரப்பர் அழிக்காது. கையெழுத்தும் அவளுக்குத் தெரிந்ததுதான். குடும்பத்தார் எழுதிக் கையொப்பமிடும் அடக்க அனுமதிச் சீட்டு அவளிடம்தான் வந்து சேரும். தான்யாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். தான்யா தொலைபேசியை எடுத்து ஆலையைக் கூப்பிட்டாள்.

ரோசெர் மரத்தூள் ஒட்டிய மேல்சட்டையோடு வந்தார். பக்கத்தைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

“அட்டைய யார் குடுக்கணும் ரோசெர்? நான் பென்சில்ல கிறுக்கினேன். நீ பேனாவுல எழுதியிருக்க” என்றாள் லியோனா.

“நானும் குடுத்துடறேன்.”

“அதை விடு. இவ்வளவு மட்டமான பக்கத்தை நாலு தடவ படிச்சியே, உனக்கு மூளை கீளை இல்லையா? நீ பொறந்ததே இந்த ஊர்லதானே.”

இந்தப் புத்தகத்தைப் படித்த வருடம் அம்மா டிசம்பர் ரெண்டாம் தேதி போனாள் என்றார் அவர். லியோனாவுக்கு நினைவிருந்தது. கல் அறையில் இடப்பக்கம், மேல்தட்டு. அவள்தான் பூட்டினாள்.

“ஆலைக்குப் போக அந்தக் கதவத் தாண்டித்தான் போகணும். அஞ்சு மாசம், தினம் ரெண்டு தடவ. உள்ள அம்மா காத்துக்கிட்டிருக்கான்னு தெரியும். தோ, இந்தப் புத்தகத்துல மட்டும் அன்னைக்கே மண்ணு போட்டு மூடிட்டாங்க. பொய்தான். அதுக்காகத்தான் படிச்சேன்.”

இடப்பக்கம் மேல்தட்டில் வைத்தது கூரை ஒழுகாத இடம் என்பதால்தான் என்று சொல்லலாமா என்று லியோனா யோசித்தாள். சொல்லவில்லை.

“அப்பவும் கதை தப்புதான்” என்றாள்.

“தப்புதான்.”

தான்யாதான் முடித்துவைத்தாள். இருவர் அட்டையும் போய்விட்டால் பிப்ரவரியில் யாருக்காகக் கதவைத் திறப்பது என்று கேட்டாள். பென்சில் குறிப்பு இருக்கலாம், கதையின் முடிவைப் போட்டு உடைக்கக் கூடாது என்று ரோசெர் அங்கேயே ஒரு தாளில் விதியை மாற்றி எழுதினார். மற்ற இரண்டு உறுப்பினர்களும் மறுநாள் கையொப்பமிட்டார்கள். பேனா பட்ட புத்தகம் நூலகக் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டு, எழுதியவர் வீட்டுக்கே போகும் என்று முடிவானது.

லியோனா அந்தப் பக்கத்தை அழிக்காமல் புத்தகத்தை மூடி ரோசெரிடம் நீட்டினாள்.

“எடுத்துட்டுப் போ. ஆனா அந்தப் பக்கத்தோட நிறுத்திக்க. இருநூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல ஒரு பொணம் எழுந்து வருது, அதுக்கு ரெண்டு கையும் இடது கை.”