ஏழாவது துளை

எங்கள் துபாஷி லெய் குன்வோவுக்கு இரண்டு வாய் என்று கூட்டத்தில் கேலி செய்வோம். வெள்ளைக்காரனுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. சீனாவில் எங்கள் ஊர்ப்பக்கமான தோய்சானிலிருந்து தங்கம் தேடி எங்களுக்கெல்லாம் முன்பே கடல் கடந்து வந்தவர். தங்கம் கிடைக்கவில்லை. ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் செய்து ஆங்கிலம் கற்றுக்கொண்டார். முப்பது பேரில் அவருக்கு மட்டும்தான் அந்தப் பேச்சு வரும்.

சியரா மலையில் ரயில் பாதைக்காகச் சுரங்கம் குடைந்த இரண்டாவது பனிக்காலம் அது. குடிசைகள் பனியில் மூழ்கிவிட்டன. பனிக்குள்ளேயே வழி வெட்டி வேலைக்குப் போய்வந்தோம். இருவர் சம்மட்டி அடிக்க, ஒருவன் உளியைப் பிடித்துத் திருப்புவான். நாளுக்கு ஓரடி நகர்ந்தால் அதிகம். ஃபோர்மன் ஹான்ராட்டிக்கு அது போதவில்லை. மலையின் மறுபக்கத்திலிருந்து குடையும் கூட்டம் எங்களை முந்திக்கொண்டிருந்தது.

அன்று காலை ஏழு துளைகளில் வெடிமருந்தைத் திணித்து, திரிகளைப் பற்றவைத்துவிட்டு வெளியே ஓடிவந்தோம். மலை அதிர்ந்தது. வெடிச் சத்தங்களை நான் விரல் மடக்கி எண்ணினேன். ஆறு. பக்கத்தில் நின்ற ஃபூக்கும் ஆறு விரல் காட்டினான்.

புகை கலையும் முன்பே ஹான்ராட்டி குன்வோவிடம், “உள்ள போகச் சொல்லு” என்றான்.

குன்வோ எங்கள் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. “உள்ள போகச் சொல்றான். நான் எண்ணினது ஆறுதான். யாரும் அசையாதீங்க.”

யாரும் அசையவில்லை.

“அவங்ககிட்ட என்ன சொன்னே?” என்று ஹான்ராட்டி கேட்டான். அவர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டதைக் குன்வோ பின்னால் எங்களுக்குச் சொன்னார்.

“நீங்க சொன்னதைச் சொன்னேன் சார். ஒண்ணு வெடிக்கலைன்னும் சொன்னேன்.”

“ரெண்டு ஒண்ணா வெடிச்சிருக்கும். உன்னை எண்ணவா வச்சிருக்கேன்?” ஹான்ராட்டி அவர் சட்டையைப் பிடித்தான். “அப்ப நீயே போய்ப் பாத்துட்டு வா.”

குன்வோ விளக்கை எடுத்தார்.

“அண்ணே, வேணாம்” என்றான் ஃபூக்.

“என் போர்வை மேல கண்ணு வைக்காதே. பேன் கிடக்கு” என்றார் குன்வோ. பிறகு ஃபோர்மனிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அதையும் பின்னால்தான் சொன்னார்: “ஒண்ணா வெடிச்சிருந்தா பயமில்லையே. நீங்களும் வாங்க. ஏழாவதைக் காட்டுங்க, எல்லாரையும் உள்ள விடறேன்.”

ஹான்ராட்டி கோழையில்லை. நடந்தான். பத்தடி உள்ளே போனதும் நின்றான். குன்வோவும் நின்றார். விளக்கு மட்டும் அசைந்தது. பிறகு ஹான்ராட்டி திரும்பி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் எதையோ முணுமுணுத்தான்.

“டீ குடிக்கச் சொல்றான்” என்றார் குன்வோ.

பாதிப் பேருக்கு டீ ஊற்றியிருப்போம், ஏழாவது வெடித்தது. பறந்து வந்த கல் டீப் பீப்பாயைப் பிளந்தது. ஹான்ராட்டி உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

மறுவாரம் ஹான்ராட்டி வேறு துபாஷியைக் கொண்டுவந்தான். குன்வோ கையில் சம்மட்டி ஏறியது. அவர் யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

பாதை முடிந்ததும் ஒரு ரயிலடி ஊரில் சலவைக்கடை போட்டார். ஃபூக்கும் அவரோடு இருந்தான். நாங்கள் போட்ட தண்டவாளத்தில் குடும்பம் குடும்பமாக வெள்ளைக்காரர்கள் வந்திறங்கினார்கள். சில வருடங்களில், சீனர்கள் இங்கே இருக்கக்கூடாது என்று ஊர்கூடி முடிவெடுத்தார்கள். ஒரு மதியம் கடை வாசலில் தடியோடு திரண்டு, ரயிலேறச் சொன்னார்கள். பாதிப் பேர் வாடிக்கைக்காரர்கள்.

குன்வோ ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தேய்த்து மடித்த சட்டைகளைக் கொடுத்தாராம். வாங்கியவர்கள் தடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறினார்களாம்.

ஆனாலும் ரயிலேற்றித்தான் விட்டார்கள்.