மாசி இருபத்தொன்பதில் நான் கேட்டது

நான் கேட்காமல் இருந்திருக்கலாம். இப்ப சொல்லி என்ன? கேட்டன். ஆசை வெட்கம் அறியாது எண்டு சும்மாவா சொன்னாங்க.

கேட்டது என்ட மச்சானிட்ட. அம்மாட அண்ணன்ட மகன். நான் தவழ்ந்த காலத்திலயே "இவள் அவனுக்குத்தான்" எண்டு பெரியவங்க பேசி முடிச்சிட்டாங்க. எங்கட பக்கத்தில மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வந்து இருக்கிறவர். அதால அப்பா எங்கட வளவுக்குள்ளயே எனக்கெண்டு ஒரு கல்வீடு கட்டிப் பூட்டி, திறப்பை அம்மாட்டக் கொடுத்தும் ஆச்சு. மச்சான் மட்டும் ஓமெண்டு வாய் திறக்கல்ல. வாவிக்கு அந்தப்பக்கம் புளியந்தீவில ஒரு கந்தோரில அவருக்குக் கிளாக்கர் வேலை. அடுத்த ஆவணி பார்ப்பம், அடுத்த தை பார்ப்பம் எண்டு மூண்டு வருசம் இழுத்தார். எனக்கு இருபது வயசாகிட்டுது. ஆரும் குடியிருக்காத அந்த வீட்டை ஒவ்வொரு வெள்ளியும் திறந்து கூட்டுறது என்ட வேலை. கூட்டக் கூட்ட எனக்கு அவரில ஆத்திரமும் கூடும், ஆசையும் கூடும்.

புளியந்தீவில எனக்கொரு சிநேகிதி இருந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில ஒரே வாங்கில இருந்து படிச்சவள். பறங்கிக் குடும்பம், தகப்பன் தச்சு வேலைக்காரர். அவள் பிறந்தது இங்கிலீசு மாசி இருபத்தொன்பதில. அந்தத் திகதி நாலு வருசத்துக்கு ஒருக்காத்தான் வரும். எங்களுக்கெண்டால் நட்சத்திரம்தான் பிறந்தநாள். கோயிலில ஒரு அருச்சனை, வீட்டில ஒரு பொங்கல், வருசா வருசம் வந்தே தீரும். "உன்ட சாமி உனக்கு மட்டும் கையைச் சுருக்கிப்போட்டார்கா" எண்டு பகிடி பண்ணுவன். அவள் விடமாட்டாள். "உனக்கு வருசத்துக்கு ஒரு கரண்டிப் பொங்கல். எனக்கு நாலு வருசத்துக்கும் சேர்த்துக் கேக்கு, வயலின், ஆட்டம். ஆருக்குகா லாபம்?" எண்டுவாள்.

நாற்பதாம் ஆண்டு அவளுக்கு இருபது வயசு. கேக்கில ஐஞ்சு மெழுகுதிரி. அம்மா துணைக்கு வர, நான் தோணியில போய் இறங்கினன். மச்சான் முதலே வந்து நிண்டார்; சிநேகிதியின்ட தமையனும் அவரும் ஒரே கந்தோர். அம்மா குசினிப் பக்கம் போயிட்டா. கேக்கு வெட்டின கையோட சிநேகிதி கதிரையில ஏறி நிண்டு சொன்னாள்: "எல்லாரும் கேளுங்க. எங்கட ஆக்களுக்குள்ள ஒரு வழக்கம். என்ட பிறந்தநாளில மட்டும் பொம்பிளை வாய் திறந்து ஆம்பிளையைக் கேட்கலாம், என்னைக் கட்டுறியா எண்டு. மாட்டன் எண்டால் அவர் அவளுக்கு ஒரு பட்டுப் புடவை தண்டமாக் கொடுக்கவேணும்!"

"அப்ப இந்தக் கிழமை புடவைக் கடைக்காரருக்குக் கொண்டாட்டம்தான்" எண்டு மச்சான் சொல்ல, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நான் சிரிக்கல்ல. மூண்டு வருசமாப் பெரியவங்க கேட்டுக் கிடைக்காத பதில், நான் கேட்டால் கிடைக்கும் போல இருந்தது.

அவர் கிணத்தடியில கை கழுவப் போனார். பின்னால போய்க் கேட்டுப்போட்டன்.

"மச்சான், என்னைக் கட்டுவீங்களா?"

கையில தண்ணி ஒழுக ஒழுக நிண்டார். "பகிடிக்குக் கேட்கிறியா, மெய்யாவா?"

"மெய்யாத்தான்."

"யோசிச்சுச் சொல்றன் புள்ள" எண்டார். முகத்தில சிரிப்பும் இல்ல, கோபமும் இல்ல.

ஒன்பது நாள் போச்சு. பத்தாம் நாள், காத்தான்குடியில இருந்து புடவை மூட்டையோட ஊர் ஊரா வாற சோனக வியாபாரி, நாங்க காக்கா எண்டு கூப்பிடுறவர், எங்கட படலையைத் திறந்தார். மூட்டையை அவிழ்க்காமல் ஒரு காகிதப் பொட்டலத்தை மட்டும் எடுத்து அம்மாட கையில கொடுத்தார். "உங்கட மருமகன் புள்ளைக்குத் தந்துவிட்டவர் தங்கச்சி. நல்ல பட்டு. நானே தெரிஞ்செடுத்துக் கொடுத்தனான்."

அரக்கு நிறப் பட்டு. அது மாட்டன் எண்ட புடவை.

ஆனா எங்கட ஊரில ஆம்பிளை புடவை கொடுத்தான், பொம்பிளை அதை உடுத்து அவனுக்குச் சோறு போட்டாள் எண்டால் அதுதான் கலியாணம். அம்மாவுக்குத் தெரிஞ்சது அந்த வழக்கம் ஒண்டுதான். பொட்டலத்தைப் பிரிச்ச மாத்திரத்தில குரவை போட்டா பாருங்க, அக்கம்பக்கத்துப் பொம்பிளைகளெல்லாம் அடுப்பை விட்டுப்போட்டு ஓடி வந்து தாங்களும் குரவை போட்டாங்க. காக்காவுக்குத் தேத்தண்ணியும் சக்கரையும் கொடுத்தாங்க. அப்பா வயல் வட்டையில இருந்து சேத்துக்காலோட வந்து, புடவையைத் தொடாமல் தூர நிண்டு பார்த்து, கண்ணைத் துடைச்சார். என்ட அப்பா அழுது நான் அண்டைக்குத்தான் கண்டன்.

இது வேற புடவை எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா வைச்சிருந்தன்? வெட்கக்கேடு எண்டு பயந்து பேசாமல் இருந்தன் எண்டு கன வருசம் எனக்கு நானே சொல்லிக்கொண்டன். அது பொய். வாயை மூடினால் மச்சான் எனக்குக் கிடைப்பார். அதுதான் மெய்.

"என்ன புள்ள பேயறைஞ்ச மாதிரி நிக்காய்? உனக்கு விருப்பம்தானே?" எண்டு அம்மா கேட்டா.

"விருப்பம்தான் அம்மா" எண்டன்.

அண்டைக்கே உடுத்தன். ஊர் பார்த்தது. அடுத்த நாள் அப்பா வெத்திலைத் தட்டோட மாமா வீட்டுக்குப் போனார். திரும்பி வந்து, "மாப்பிள்ளை ஓமெண்டு தலையை ஆட்டினார்" எண்டார். எனக்குக் கொஞ்சம் நப்பாசையும் வந்தது, பாருங்க. ஒருவேளை எங்கட வழக்கப்படிதான் அனுப்பினவரோ எண்டு. ஓமெண்டால் வாயால சொல்லியிருப்பாரே, காக்காவிட்ட ஏன் கொடுத்துவிடுறார் எண்டு மனசு உடனே திருப்பிக் கேட்டது. நான் மனசைப் பேசாமல் இரு எண்டன்.

கலியாணத்துக்குச் சிநேகிதி வந்தாள். அரக்குப் பட்டைத் தடவிப் பார்த்து, "ஆர்கா வாங்கினது?" எண்டாள். மச்சான் தந்தது, கேட்டுப் பத்து நாளில வந்தது எண்டன். அவளின்ட முகம் செத்துப்போச்சு. "அடியே, அப்ப இது..." எண்டு தொடங்கினாள். தொடையில ஒரு கிள்ளுக் கிள்ளினன். பாவம், கண்ணில தண்ணி வந்திட்டுது அவளுக்கு. மறுகா அதைப்பற்றி அவள் ஒரு சொல்லும் பறையல்ல.

நாலு வருசம் குடித்தனம் நடந்தது. விடியத் தோணியில கந்தோருக்குப் போவார், பொழுதுபட வருவார். ஒரு அடி இல்ல, ஒரு ஏச்சு இல்ல. மகள் ஒண்டும் பிறந்தாள். அவளைத் தோளில வைச்சுக்கொண்டு வாவிக் கரையெல்லாம் சிரிச்சுத் திரிவார். என்னைக் கண்டால் அந்தச் சிரிப்பு அப்படியே நிண்டுபோகும். தங்கமான மனிசன் எண்டு ஊரே சொல்லும். களவெடுத்த பொருளை நல்ல பொருள் எண்டு ஊர் புகழ்ந்தால் எப்படி இருக்கும்?

நாற்பத்துநாலில அந்தத் திகதி திரும்ப வந்தது. பொறுக்க ஏலாமல் நான் விடியத் துறைக்குப் போனன். அவர் தோணியில ஒரு கால் வைச்சிட்டார்.

"மச்சான், இண்டைக்கு இருபத்தொன்பது. இப்ப கேட்டால் என்னைக் கட்டுவீங்களா?"

என்னையே பார்த்துக்கொண்டு நிண்டார். மறுகா கம்பை ஊண்டித் தோணியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அண்டைக்கு நான் சமைச்ச கறியில உப்புப் போட்டனா இல்லையா எண்டே தெரியாது. பொழுதுபட வந்தார். கையில ஒரு காகிதப் பொட்டலம். உலகச் சண்டைக் காலம், துணிக்குக் கூப்பன். தன்ட கூப்பனையெல்லாம் கொடுத்து வாங்கியிருக்கிறார். பட்டுக் கிடைக்கல்ல, பச்சை நிற நூல் சீலை. என்ட கையில வைச்சார்.

"எனக்குப் பொய் சொல்லத் தெரியாது புள்ள. அண்டைக்கும் இதைத்தான் தந்தனான்."

"தெரியும்" எண்டன்.

"உனக்குத் தெரியும் எண்டு எனக்கும் தெரியும். கலியாண வீட்டில நீ சிநேகிதியைக் கிள்ளினதைக் கண்டனான்."

"அப்ப ஏன் அப்பாவிட்ட ஓமெண்டு தலையை ஆட்டினீங்க?"

"நீ உடுத்திட்டாய் எண்டார். ஊரே பார்த்திட்டுது எண்டார். உடுத்த புடவையைத் திருப்பிக் கேட்டால் மறுகா உன்னை ஆர் கட்டுவான்? நீயா ஒரு நாள் சொல்லுவாய் எண்டு நாலு வருசம் பார்த்துக்கொண்டிருந்தன்" எண்டார்.

ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பன். அடிச்சிருந்தால் அம்மா வீட்டுக்கு ஓடியிருப்பன், பத்தடி தூரம்தானே. அவர் ஒண்டும் செய்யல்ல, மகளைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனார். நான் அந்தப் பச்சைச் சீலையை வாய்க்குள்ள அடைச்சுக்கொண்டு அழுதன், அம்மாவுக்குக் கேட்கக்கூடாது எண்டு.

அதுக்குப் பிறகு ரெண்டு பேருக்கும் நடுவில மறைக்க ஒண்டும் இல்ல. அதாலயோ என்னவோ, எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்த நேரம் கந்தோருக்கு லீவு போட்டு நிண்டு கஞ்சி வைச்சுத் தந்தார். ஒருக்கா நான் மாட்டோட ஏசுப்பட்டதைக் கேட்டுச் சிரிச்சார். அது மகளைப் பார்த்துச் சிரிச்சதில்ல, என்னைப் பார்த்துச் சிரிச்சது. இன்னும் ரெண்டு தரம் சிரிச்சிருக்கிறார். நான் ஒண்டையும் மறக்கல்ல.

நாற்பத்தெட்டில அந்தத் திகதி ஞாயிற்றுக்கிழமையில வந்தது. கந்தோர் இல்ல. ஆனாலும் அவர் விடிய எழும்பித் துறைக்குப் போய், தோணியின்ட கயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். நான் சட்டி கழுவக் கரைக்கு இறங்கினன்.

"என்ன திகதி புள்ள இண்டைக்கு?" எண்டு கேட்டார்.

நாள் முழுக்கத் திகதி எழுதிச் சம்பளம் வாங்குற மனிசன்.

நான் கேட்கவேணும் எண்டுதான் நிக்கிறார். அது எனக்கு விளங்காமல் இல்ல. கேட்டால் என்ன சொல்லுவார்? ஓமெண்டும் சொல்லலாம். ஆனா பெட்டிக்குள்ள ரெண்டு புடவை கிடக்கு. மூண்டாவது ஒண்டு வந்தால் தாங்க என்னில பெலம் இல்ல.

"ஆருக்குத் தெரியும்" எண்டன்.

அவர் தோணியை இழுத்துக் கட்டிப்போட்டு வீட்டுக்குள்ள போனார்.