முடிச்சு விழாத பக்கம்

அந்த மாட்டுப் பண்ணைக்காரிக்கு அக்கம்பக்கத்தில் 'தந்தியம்மா' என்று பெயர். அவளுடைய புருஷனுக்கும் அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவர் சொல்வதை இன்னொருவரிடம் கொண்டு சேர்ப்பது அவள் வேலை. இரண்டு பேரும் ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி.

சண்டைக்குக் காரணம் ஒரு பேலர். வயலில் காய்ந்து கிடக்கும் புல்லை வாரி, அமுக்கி, இரண்டு கயிறு போட்டுக் கட்டுக் கட்டாகத் தள்ளுகிற மெஷின். புருஷன் அதைப் பழசாக வாங்கி வந்த அன்று, டிராக்டர் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பெயின்ட் மட்டும்தான் உறுதியா இருக்கு" என்று எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டார். புருஷன் ரோஷக்காரர். அன்றோடு பேச்சு நின்றது.

இந்த அறுப்பின்போது அதே பேலர் மக்கர் பண்ணியது. கட்டு வெளியே வந்து விழுந்ததும் இடது பக்கக் கயிறு அவிழ்ந்து, புல் பப்பரப்பே என்று சிதறியது. புருஷன் கயிற்றை மாற்றினார், கிரீஸ் அடித்தார், வாயில் வந்தபடி திட்டியும் பார்த்தார். மெஷின் அசைந்து கொடுக்கவில்லை. வானமோ கறுத்துக்கொண்டு வந்தது. அவள் சத்தமில்லாமல் உள்ளே போய் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

அண்ணன் ஸ்பேனர் பெட்டியோடு வந்து இறங்கினார். புருஷனுக்கும் அவருக்கும் நடுவே கையெட்டும் தூரம்தான்.

"பாப்பா, டிராக்டரை ஆஃப் பண்ணச் சொல்லு உன் வீட்டுக்காரரை."

"அது அப்பவே ஆஃப் பண்ணியாச்சுன்னு சொல்லு உங்கண்ணன்கிட்ட."

"இந்தச் சக்கரத்தைக் கையால மெதுவா சுத்தச் சொல்லு. முடிச்சு எப்படி விழுதுன்னு பாக்கணும்."

"எந்தப் பக்கமா சுத்தணும்னு கேளு."

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "நான் என்ன மனுஷியா, ஸ்பீக்கரா? மாடு கத்துது, நான் பால் கறக்கப் போறேன். நீங்களாச்சு, உங்க மெஷினாச்சு."

கொட்டகையில் உட்கார்ந்து பாதி வாளிகூட நிறைந்திருக்காது. "ஐயோ மாப்ளே, நிறுத்துங்க!" என்று அண்ணன் அலறுவது கேட்டது. வாளியை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடினாள்.

அண்ணன் பத்து விரலையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் பத்திரமாக இருந்தன.

"கை உள்ள இருக்கு, சொல்லாம கொள்ளாம சுத்தறீங்களே!"

"கையை வெக்கறேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்களா மச்சான்?"

"சொல்லத்தான் ஆளைக் காணோமே!"

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அதையும் மீறி வந்தது. புருஷனும் குனிந்துகொண்டே சிரித்தார்.

அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. புருஷன் ஒவ்வொரு தடவையும் "சுத்தட்டுமா மச்சான்?" என்று கேட்டுக் கேட்டுச் சுற்றினார். வலது பக்கத்தில் ஓர் இரும்புப் பிடி கயிற்று நுனியை இறுகப் பிடித்திருந்தது. இடது பக்கம் முடிச்சு விழுவதற்குள் நுனி நழுவியது. அண்ணன் இடது பக்கப் பிடியைக் கழற்றினார். அடியில் பழைய கயிற்றுத் துணுக்கும் துருவும் கெட்டியாக அடைத்துக் கிடந்தன. புருஷன் பேனாக்கத்தியால் சுரண்டி எடுத்தார். அண்ணன் பிடியைத் திரும்ப மாட்டி, அதன் ஸ்பிரிங் போல்ட்டைக் கொஞ்சம் முறுக்கினார்.

டிராக்டர் ஓடியது. வெளியே வந்த முதல் கட்டைப் புருஷன் தூக்கிக் குலுக்கினார். நம்பாமல் அண்ணனும் குலுக்கினார். அவளும் தன் பங்குக்கு ஓர் உதை விட்டாள். கட்டு அப்படியே இருந்தது.

மழை முந்திக்கொண்டதில் ஓரத்து வரிசைகள் நனைந்துதான் போயின. அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. மச்சானும் மாப்பிள்ளையும் ஷெட்டுக்குள் நின்று, அடுத்து எந்த பேரிங்கை மாற்றலாம் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். இப்போது தினமும் போன். அவள் அண்ணனோடு நாலு வார்த்தை பேசலாம் என்றால், ரிசீவர் கைக்கு வருவதில்லை.