முன்ஃபோர்க்கில் காற்று நிற்கும்வரை

தோள்பட்டை எலும்பு கூடிவிட்டது, மறுபடியும் சைக்கிள் ஓட்டலாம் என்று மருத்துவர் சொன்ன வாரத்தில்தான் என் மலைச்சைக்கிளின் முன்பக்கம் உட்கார்ந்துபோனது. நான் விழுந்த நாளிலிருந்து ஐந்து மாதமாகக் கிளமெண்டியில் எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில் சும்மா நின்ற வண்டி. மாலையில் காற்றடித்து வைத்தால் காலையில் குனிந்து கிடக்கும்.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் அந்த ஃபோர்க்கில் சுருள்கம்பி கிடையாது. இடது குழாய்க்குள் அடைத்த காற்றுதான் கல்லிலும் வேரிலும் மோதும் அடியைத் தாங்க வேண்டும். வால்வில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. அப்படியென்றால் கசிவு உள்ளே.

சைக்கிள் கடையில், "பழைய மாடல், ஃபோர்க்கையே முழுசா மாத்திடுங்க" என்றார்கள்.

கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "வித்துடலாமா? நீ மறுபடி அதுல ஏறினா எனக்குத்தான் பயமா இருக்கும்."

எனக்கும் பயம்தான். அதைச் சொல்லாமல், "முதல்ல கழட்டிப் பாக்குறேங்க" என்றேன்.

குழாய்க்குள் காற்றைக் கசியாமல் நிறுத்தும் ரப்பர் வளையங்களை இணையத்தில் வாங்கினேன். சனிக்கிழமை சமையலறைத் தரையில் செய்தித்தாள் விரித்து, காற்றை முழுதும் இறக்கி, அடியில் இருந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் தட்டினேன். ஃபோர்க்கின் கீழ்ப்பாதி கழன்று வந்தது. உள்ளிருந்த எண்ணெய் கறுத்து ஒழுகியது. குழாயின் வாயிலிருந்த கிளிப்பை எடுத்துப் பிஸ்டனை உருவி, புது வளையம் மாட்டித் திரும்பத் தள்ளினேன்; உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பாலிகிளினிக்கில் மருந்து கொடுப்பவள் நான். புது எண்ணெயைச் சிரிஞ்சில் அளந்து ஊற்றுவது மட்டும் எனக்குப் பழகிய வேலை. கணவரும் வந்து பிடித்துக்கொள்ள, மூடிக் காற்றடித்தோம்.

"நிக்குது லா!" என்றார் கணவர், என்னைவிட உற்சாகமாக.

காலையில் அது மறுபடியும் குனிந்து கிடந்தது. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். சைக்கிளுக்காக மட்டும் அழுததாகத் தோன்றவில்லை.

முகம் கழுவிவிட்டுத் திரும்பப் பிரித்தேன். புது வளையத்தில் மெல்லிய கீறல் ஒன்று தெரிந்தது. அதை எடுத்துக்கொண்டு தேக்காவில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு டப்பா நிறைய வளையங்களை என் முன்னால் வைத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போனார். பக்கத்தில் கையுறை வாங்க நின்ற ஒருவர், முப்பத்தைந்து வயதிருக்கும், என் உள்ளங்கையை எட்டிப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. இது எதுல போட்டது?"

சொன்னேன். அவர் கிராஞ்சியில் மண்வெட்டும் இயந்திரங்களின் ஹைட்ராலிக் சிலிண்டர்களைப் பழுதுபார்ப்பவர்.

"இது தேஞ்சு போகலக்கா. உள்ள போறப்பவே வெட்டுப்பட்டிருக்கு. கிளிப்பு உக்கார்ற பள்ளம் இருக்குல்ல, அந்த விளிம்பு கத்தி மாதிரி."

"அப்புறம் எப்படித்தான் தள்றது?"

"தண்ணி பாட்டில வெட்டி, சுருட்டி, குழாய்க்குள்ள வைங்க. பள்ளத்த மூடிக்கும். கிரீஸ் நல்லாத் தடவி, பிஸ்டன அது வழியா தள்ளுங்க. பள்ளத்தத் தாண்டினதும் பிளாஸ்டிக்க உருவிடுங்க."

எண்ணெய் தாங்கும் ரப்பரில் அதே அளவு வளையம் ஒன்றை அவரே டப்பாவைக் கிளறி எடுத்துக் கொடுத்தார். கைப்பேசி எண்ணையும் தந்தார். "என்ன ஆச்சுன்னு சொல்லிடுங்கக்கா. இல்லன்னா வேலை நேரத்துல இதே நெனப்பா இருக்கும்."

வீட்டுக்கு வந்து அவர் சொன்னபடியே செய்தேன். பிஸ்டன் பிளாஸ்டிக்கின் மேல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. முதல்முறை கேட்ட 'டிக்' என்ற சத்தம் இந்தமுறை கேட்கவில்லை. திங்கள் காலையில் ஹேண்டில் நிமிர்ந்து நின்றது. செவ்வாயும் நின்றது. புதன்கிழமை படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன்.

சனிக்கிழமை ஒரு சின்ன இறக்கத்தின் உச்சியில் நெடுநேரம் நின்றேன். பிறகு பிரேக்கை விட்டேன். முதல் வேரில் ஃபோர்க் அமுங்கி எழுந்தது, அடுத்த வேரிலும். கீழே காத்திருந்த கணவர் என் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவ போறியா?" என்றார்.

மறுநாள் ஞாயிறு. எங்கள் அழைப்பை ஏற்று, வளையம் எடுத்துக் கொடுத்தவர் கிராஞ்சியிலிருந்து பஸ் மாறி வந்தார். சைக்கிளில் உடனே ஏறவில்லை. ஹேண்டிலை அழுத்தி, காது கொடுத்துக் கேட்டு, தலையசைத்தார். பிறகு ஏறி எங்கள் அடுக்குமாடிப் புளோக்கைச் சுற்றினார். திரும்பி வந்தபோது சட்டை நனைந்திருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு.

"இன்னொரு ரவுண்டு போய்ட்டு வரவாக்கா?"

"அந்தப் பக்கம் கொஞ்சம் இறக்கம் இருக்கு," என்று கைகாட்டினேன். "அங்க போங்க."