எழுந்து நிற்க விடாத வீடு

உழைத்தால் வளரும், உட்கார்ந்தால் சுருங்கும், படுத்தால் கரையும். அது என்ன?

தொடைச் சதை. விடை தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். ஹைதராபாத்தில் நான் பிசியோதெரபி செய்யப் போகும் பல வீடுகளில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் தொழிலில் நோயாளியைச் சமாளித்துவிடலாம். அவர்மேல் அன்பு வைத்திருப்பவர்களைத்தான் சமாளிக்க முடியாது. கீமோ நடக்கும் பெரியவரை நாலு எட்டு நடக்கச் சொல்லித் திட்டு வாங்கியவரா நீங்கள்? அப்படியானால் நாம் சொந்தக்காரர்கள்.

குஷாய்குடாவில் பார்த்த ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சம்பந்தம், எழுபத்தொரு வயது, தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். குடலில் புற்றுநோய். மூன்று கீமோ முடிந்ததும் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: மூன்று வாரம் கழித்து அவர் தன் காலால் நடந்து என் அறைக்குள் வர வேண்டும், இல்லையென்றால் அடுத்த மருந்தை இந்த உடம்பு தாங்காது, நிறுத்திவிடுவேன். அதற்காகத்தான் என்னை அனுப்பினார்கள்.

விருந்தாளி வந்தால் படுக்கை

பயிற்சி எளிது. சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து நிற்க வேண்டும். வேளைக்கு ஐந்து தடவை. முதல் நாள் மூன்றாவது தடவை எழும்போது வாசல் மணி அடித்தது. மருமகள் சுமதி ஓடிவந்து, மாமனாரைக் கட்டிலில் சாய்த்து, கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டாள். இளநீரோடு வந்த காலனிக்காரர்கள் அரை மணி நேரம் உச்சுக்கொட்டினார்கள். அந்த வாரம் முழுக்க இதே கூத்து. ஏன் என்று சுமதியிடம் கேட்டேன்.

"நிக்கவச்சா, சீக்காளியை வேலை வாங்குறாங்கன்னு காலனி பூரா பேசும் மேடம். படுத்திருந்தாத்தான் எங்களுக்கு மரியாதை."

ஆறாயிரம் அடி

மகன் ரமேஷுக்கு மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. எத்தனை அடி நடக்கிறோம் என்று எண்ணும் கைக்கடிகாரத்தை அப்பாவுக்குக் கட்டிவிட்டு, ஆபீஸிலிருந்தே செல்போனில் பார்த்துக்கொண்டான். இரண்டாம் வாரம் என்னைக் கூப்பிட்டுப் பெருமையடித்தான்: அப்பா ஒரே காலையில் ஆறாயிரம் அடி! நான் போனபோது அந்த அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்க்கொண்டிருந்தார். கடிகாரம் அவர் மனைவி காமாட்சியம்மாள் கையில், வளையல்களுக்கு நடுவே இருந்தது. கணவருக்காக அனுமார் கோயிலை நூற்றெட்டுச் சுற்று சுற்றிவிட்டு வந்திருந்தார். பலன் அவர் பெயருக்கே சேரட்டும் என்று கடிகாரத்தையும் கட்டிக்கொண்டாராம். பக்தியை நான் குறை சொல்லவில்லை. வலுவடைந்தது யாருடைய தொடை என்று மட்டும் கேட்டேன்.

"அவரால முடியலைன்னுதானேம்மா அவர் பேர்ல நான் சுத்துறேன்? சாமி ஒத்துக்குது, உங்க டாக்டர் ஒத்துக்க மாட்டாரா?"

உள்தாழ்ப்பாள்

அன்றே அறைக் கதவை உள்ளே தாழிட்டேன். அடுத்த கீமோ வேண்டுமா வேண்டாமா என்று சம்பந்தத்திடம் நேராகக் கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கை ஊன்றாமல் எழுந்தார். உட்கார்ந்து மறுபடி எழுந்தார். அதன்பிறகு தினமும் தாழ்ப்பாள்தான். வெளியே வீட்டார் மாறி மாறித் தட்டினார்கள்.

"நக்கோ மேடம், திறக்க வேணாம். இவங்க மனசு நோகக் கூடாதுன்னு படுத்துப் படுத்தே நான் போய்ச் சேர்ந்துடுவேன் போல."

ஆஸ்பத்திரி வாசல்

மூன்றாம் வாரக் கடைசியில் காரை விட்டு இறங்கினோம். டாக்டர் அறை அறுபது அடி தூரம். ஊழியர் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தார். "உக்காருங்க!" என்று மனைவி, மகன், மருமகள் மூவரும் ஒரே குரலில் கத்தினார்கள். ரமேஷ் அப்பாவின் அக்குளில் கைகொடுத்து அமுக்கவே ஆரம்பித்துவிட்டான். அதற்குள் பேத்தி தாரா நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு ஆறு வயது. தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கில். இறங்கச் சொன்னதற்கு நாற்காலியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தம் பின்னால் போய்ப் பிடியைப் பற்றித் தள்ளத் தொடங்கினார். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். ஆனால் உட்காரவில்லை. ரமேஷுக்குத்தான் வியர்த்துக்கொட்டியது. அறைக்குள் நுழைந்ததும் சுவரில் சாய்ந்துவிட்டான்.

டாக்டர் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, தாராவிடம் கேட்டார்: "இதுல யாரும்மா பேஷண்ட்?"

தாரா தன் அப்பாவைக் காட்டினாள்.